வாயில்லா உயிருக்காக ஒரு முடிவு

2023-ஆம் ஆண்டு கிறிஸ்து அரசர் பெருவிழா நாள். இரண்டாம் திருப்பலி முடிந்து, மாலைப் பவனிக்கான தேரை இளைஞர்கள் அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். ஆலய முகப்பில் நம்மைக் காண எட்டுப் பத்துப் பேர் காத்திருந்தனர். ஒருவருக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும். இன்னொருவருக்கு மகனின் வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அன்பியப் பொறுப்பாளர் ஒருவருக்கு அடுத்த அன்பியத்தார்மேல் வருத்தம். எல்லாரும் போகட்டும் என்று தூணருகில் ஒதுங்கி நின்றவர், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வயது எழுபத்து நான்கு. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் பெயரைச் சொல்லவேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு இதை எழுத அவர் இசைந்திருக்கிறார்.

“சாமி, ஒரு சந்தேகம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்கவேண்டியதா, வெளியில் கேட்கவேண்டியதா என்று எனக்கே தெரியவில்லை” என்று தொடங்கினார். வீட்டில் மணி என்றொரு பெண் நாய் இருக்கிறது. பன்னிரண்டு வயது. கணவர் உயிரோடிருந்தபோது கடைவீதியிலிருந்து துணிப்பையில் போட்டுத் தூக்கிவந்த குட்டி. அதன் பால்மடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியிருக்கிறது. அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். பரிசோதனை, அறுவை, மருந்து எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 22,000 ரூபாய் ஆகும். “இந்த வயதான நாய்க்கு இவ்வளவு பணம் செலவழிப்பது பாவமா, சாமி?”

நாம் அரை நிமிடங்கூட எடுத்துக்கொள்ளவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியலில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்கு உரிய வேகத்தோடு விடை சொன்னோம். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2418-ஆம் எண்ணில் இதற்குத் தெளிவான போதனை இருக்கிறது. மனிதத் துயரைத் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்று திருச்சபை கற்பிக்கிறது. நம் பங்கிலேயே மருந்துக்கு வழியில்லாத நோயாளிகள் இருக்கிறார்கள் அல்லவா என்று கேட்டோம். அவர் தலையசைத்தார். “சரிங்க, சாமி” என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் மாதா கெபியில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போனார். நாமும் தேர் அலங்காரத்தைப் பார்க்கப் போனோம்.

இந்தக் கட்டுரை அந்த அரை நிமிடத்தைப் பற்றியது.

நாம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த எண்ணில் அந்தப் போதனை உள்ளபடியே இருக்கிறது. ஆனால் அதே எண், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறச் செய்வதும் சாகடிப்பதும் மனித மாண்புக்கு முரணானது என்றே தொடங்குகிறது. அதற்கு இரண்டு எண்கள் முன்னால், விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு மனிதர் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்று கூறி, அசிசி நகர்ப் புனித பிரான்சிசையும் புனித பிலிப்பு நேரியையும் அந்நூல் நினைவூட்டுகிறது. நாம் பாதியை மட்டும் சொன்னோம். அதுவும், கேட்டவர் யார், அவர் நிலை என்ன என்று விசாரிக்காமலே சொன்னோம். மருத்துவர் நோயாளியின் நாடி பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதினால் நாம் கோபப்படுவோம்.

2024 மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிக்க உட்கார்ந்தோம். பங்கின் நோயாளர் உதவி நிதிப் பேரேட்டில் மாதந்தோறும் ஒரு வரி: பெயர் குறிப்பிட விரும்பாதவர், 1,500 ரூபாய். ஒரு மாதங்கூடத் தவறவில்லை. யார் இவர் என்று கணக்கரிடம் கேட்டோம். அவர் சற்றே தயங்கிவிட்டு, “நம்ம டீச்சரம்மாதான், சாமி. ஓய்வூதியம் வாங்கும் அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஒன்பது வருஷமாக” என்றார். மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தோம். 1,62,000 ரூபாய். ஏழைகளை நினைத்துப் பாருங்கள் என்று நாம் யாருக்கு மறையுரை ஆற்றினோமோ, அவருடைய பணத்தில்தான் நம் பங்கின் ஏழைகள் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினால் பங்குத் திருவிழாச் செலவு. வாணவேடிக்கை, மின்விளக்கு அலங்காரம், பேண்டு வாத்தியம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை இலட்சத்துக்கு மேல். எல்லாச் சீட்டிலும் நம் கையெழுத்து இருந்தது. கையெழுத்திட்டபோது 2418-ஆம் எண் நம் நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனோம். திண்ணைக்குப் பக்கத்தில் பழைய கோணிச் சாக்கின்மேல் மணி படுத்திருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டியது. எழுந்தபோது பின்னங்காலை அகற்றி வைத்துக்கொண்டது. கட்டி இப்போது நெல்லிக்காய் அளவில் இல்லை. சாத்துக்குடி அளவுக்கு வளர்ந்து, நடக்கையில் தொடையில் உரசியது. உரசிய இடத்தில் தோல் சிவந்து மெலிந்திருந்தது.

“நீங்கள் சொன்னதற்குப் பிறகு நான் டாக்டரிடம் போகவில்லை, சாமி” என்றார் ஆசிரியை. குறை கூறும் தொனி அதில் துளியும் இல்லை. பங்குச் சாமி சொன்னார், கேட்டேன் என்பதுதான். வாசகர்களுள் குருக்களும் இருப்பீர்கள். நம் சொல்லை மக்கள் எவ்வளவு சிரத்தையாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நான்கு மாதங்களை நம் அரை நிமிடம் தின்றிருந்தது.

மறுநாள் அவரோடு நாமும் மருத்துவரிடம் சென்றோம். இளைஞர், பொறுமையாகப் பேசினார். அவர் சொன்னவற்றை விரிவாகவே எழுதுகிறோம். இத்தகைய முடிவுகளில் அறியாமையும் பாதிப் பாவத்துக்குக் காரணமாகிறது என்று அன்று கண்டுகொண்டோம்.

பெண் நாய்க்கு வழக்கமாக ஐந்து இணைப் பால்மடிகள் உண்டு. கருத்தடை செய்யப்படாத, வயதான பெண் நாய்களுக்கு வரும் கட்டிகளில் பால்மடிக் கட்டியே மிகவும் சாதாரணம். முதல் பருவம் வருவதற்கு முன்பே கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் இந்நோய் வரும் வாய்ப்பு மிக அரிதாகிவிடுகிறது. 1969-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று அதைக் காட்டியது. மணிக்கு அப்படி யாரும் செய்யவில்லை. வந்த கட்டிகளில் ஏறக்குறைய பாதி தீங்கற்றவை, பாதி புற்று. கையால் தொட்டுப் பார்த்து இன்னது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. எடுத்த பின் திசுவைப் பரிசோதித்தால்தான் தெரியும். மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைப்பதற்கான வாய்ப்பு கூடுதல். இதைச் சொல்லும்போது அவர் நம் பக்கம் பார்க்கவில்லை. நம் கதை அவருக்குத் தெரியாது. நாம்தான் தலைகுனிந்தோம்.

“வயசாயிடுச்சே, தாங்குமா?” என்று ஆசிரியை கேட்டார். வயது ஒரு நோய் அல்ல, அம்மா என்றார் மருத்துவர். இதயம், சிறுநீரகம், கல்லீரல், இரத்தம் இவை எப்படியிருக்கின்றன என்பதே கேள்வி. பிரிட்டனில் ஏறக்குறைய 98,000 நாய்களைக் கணக்கெடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமுள்ள நாய்களில் மயக்க மருந்தினால் இறந்தவை 2,000-க்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தன. ஏற்கெனவே நோயுற்ற நாய்களில் அது 75-க்கு ஒன்று. நம் ஊர் வசதிகளோடு அந்நாட்டு வசதிகளை ஒப்பிடக்கூடாது என்றும் அவரே சொன்னார். மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். நுரையீரலில் பரவியிருந்தால் நான் கத்தியை எடுக்கமாட்டேன். வலிக்கு மட்டும் மருந்து தருவேன். பரவவில்லை என்றால், உள்ளே எப்படியிருந்தாலும், உரசிப் புண்ணாகப்போகும் அந்தக் கட்டியை எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அது உடைந்து, சீழ் பிடித்து, ஈ மொய்க்கும். இதுதான் அவர் கூறியதன் சாரம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவில் ஆசிரியை எதுவும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அன்றிரவு நம் பழைய குருமடக் குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினோம்.

நோயாளி ஒருவர் தம் உயிரைக் காக்க எவ்வளவு தூரம் போகக் கடமைப்பட்டிருக்கிறார் என்ற கேள்வியைத் திருச்சபை நானூறு ஐந்நூறு ஆண்டுகளாகச் சிந்தித்து வருகிறது. பதினாறாம் நூற்றாண்டில் இசுப்பானிய தொமினிக்கன் சபைத் துறவி பிரான்சிஸ்கோ தே வித்தோரியா, மருத்துவர் சொன்னார் என்பதற்காகக் கோழிக்கறி போன்ற விலையுயர்ந்த உணவையே உண்டு ஆயுளை நீட்டிக்க யாருக்கும் கடமை இல்லை என்று எழுதினார். அந்த மரபின் வழியில்தான் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957 நவம்பர் 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், சாதாரண வழிகளைக் கையாளவே ஒருவர் கடமைப்பட்டவர், தமக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகும் வழிகளுக்கு அல்ல என்று விளக்கினார். மரணப் படுக்கையருகில் கலங்கி நிற்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தப் போதனையைச் சொல்லி நாம் ஆறுதல் அளித்திருக்கிறோம்.

ஆனால் இது மனிதர்க்கு வகுத்த நெறி. நாய்க்கு அப்படியே பொருந்துமா? முதலில் பொருந்தும் என்றே நினைத்தோம். செலவும் துன்பமும் ஒரு தட்டில், பயன் மறு தட்டில், அவ்வளவுதானே என்று. பிறகுதான் ஒரு வேறுபாடு புலப்பட்டது.

மனித நோயாளி தானே எடைபோடுகிறார். “என் பேத்தியின் புதுநன்மையைப் பார்க்கவேண்டும், அதற்காக இந்த வலியைத் தாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்ல அவரால் முடியும். இன்றைய வலியை நாளைய நம்பிக்கையோடு சேர்த்துப் பார்க்க முடியும். அந்த வலியை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள் என்று நாம் சொன்னால், அவர் ஒப்புக்கொடுக்கவும் முடியும். மணிக்கு இவற்றில் ஒன்றும் முடியாது. ஏன் வயிறு பட்டினி போடப்பட்டது, ஏன் அந்நியர் கைகள் அழுத்திப் பிடித்தன, விழித்ததும் ஏன் வயிறு எரிகிறது என்று அதற்கு யாராலும் சொல்லிப் புரியவைக்க இயலாது. பத்து நாளில் ஆறிவிடும் என்ற செய்தி அதன் காதில் ஏறாது. அதற்கு உள்ளது அந்த வலி மட்டுமே.

ஆகவே அதன்மேல் நாம் சுமத்தும் வலிக்கு ஈடு, அது தானே அனுபவிக்கக்கூடிய நாள்களாகவே கிடைக்கவேண்டும். நம் மன நிறைவாகக் கிடைத்தால் போதாது. திண்ணையில் வெயில் காய்வது, தட்டில் வைத்ததை ஆசையாகத் தின்பது, வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து ஓடுவது என்பவைதாம் அதன் நல்ல நாள்கள். பத்து நாள் வலியை வாங்கிக்கொண்டு இவற்றைச் சில மாதங்களாவது திருப்பிக் கொடுக்க முடியுமென்றால் கத்தி நியாயம். முடியாதென்றால், எவ்வளவு பணம் இருந்தாலும், எவ்வளவு கண்ணீர் இருந்தாலும் கத்தி அநியாயம். “வயதாகிவிட்டது, விட்டுவிடுவோம்” என்று சொல்பவரையும், “எவ்வளவு செலவானாலும் காப்பாற்றுங்கள்” என்று கதறுபவரையும் இந்த அளவுகோல் ஒருசேரத் தடுத்து நிறுத்துகிறது.

இரண்டாமவரை நாம் நேரிலேயே கண்டிருக்கிறோம். முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், வசதியான குடும்பம் ஒன்றில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் திடீரென்று சுருண்டு விழுந்தது. மண்ணீரலில் கட்டி, அது உடைந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அந்த இன நாய்களுக்கு இந்நோய் அடிக்கடி வரும். புற்றாக இருந்தால் அறுவை செய்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதங்களே என்று மருத்துவர் எச்சரித்தார். வெளிநாட்டிலிருந்த மகன், “நான் கிறிஸ்துமசுக்கு வரும்வரை எப்படியாவது வைத்திருங்கள்” என்று தொலைபேசியில் அழுதான். அறுத்தார்கள். புற்றுதான். மறுபடியும் கசிவு, மறுபடியும் ஊசி, குளுக்கோஸ். ஆறு வாரம் கழித்து, மகன் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக அது இறந்தது. அவனுடைய அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் அந்த ஆறு வாரங்கள் யாருக்காக என்று அந்தத் தந்தை பின்னொரு நாள் நம்மிடம் கேட்டபோது, அவருக்கே விடை தெரிந்திருந்தது.

செலவு பற்றிய கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. சொல்லாமல் நழுவவும் கூடாது. மணியின் செய்தி பங்கில் பரவியதும், பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் நம்மிடம் நேராகவே கேட்டார்: “மனுஷனுக்கே ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. நாய்க்கு ஆபரேஷனா, சாமி? அதுக்கு நீங்களும் கூடப் போனீங்களாமே?” அவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பணம் புரட்ட இயலாமல் அவர் மனைவியின் அறுவை எட்டு மாதம் தள்ளிப்போனது நமக்குத் தெரியும். அந்த எட்டு மாதமும் அவர் பட்ட பாடு, நாம் நான்கு மறையுரையில் சொல்லும் இறையியலைவிடக் கனமானது. மணிக்குச் செலவழிக்காவிட்டால் அந்தப் பணம் உங்கள் மனைவிக்கு வந்திருக்குமா என்று திருப்பிக் கேட்கும் வாதம் நம் நாவின் நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஏனெனில் அவருடைய துயரம் கணக்கைப் பற்றியதன்று. தன் வீட்டு மனிதர் காத்துக்கிடக்க, பக்கத்துத் தெரு நாய்க்கு உடனே கதவு திறக்கிறது என்ற காட்சிதான் அவரைச் சுட்டது. 2418-ஆம் எண் சொல்வதும் அடிப்படையில் அதுதான்: அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு, மனிதர் முதலில்.

அந்த ஒழுங்கை நாம் மறுக்கவில்லை. விலங்குகளை இறையன்பின் தோழமைக்குள் மனிதரை நேசிப்பதுபோல் நேசிக்க இயலாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். அதே புனிதர், விலங்குகளிடம் இரக்கம் பழகியவன் மனிதரிடம் இரங்க எளிதில் முன்வருவான் என்றும் எழுதுகிறார். ஆனால் ஒழுங்கு என்பது முதலில் இருப்பவர் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பின்னரே அடுத்தவருக்குக் கொடு என்பதன்று. அப்படியானால் உலகில் ஓர் ஏழை இருக்கும்வரை யாரும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றமுடியாது. ஆலயத்துக்குச் சுண்ணாம்பும் அடிக்கமுடியாது. தமக்குரிய மனிதக் கடமையை ஒருவர் செய்கிறாரா என்று பார்க்கவேண்டும். வேலைக்காரிக்குச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு நாய்க்கு அறுவை செய்ய யாராவது வந்து கேட்டிருந்தால், நாம் கிறிஸ்து அரசர் திருநாளில் சொன்ன விடையையே இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்போம். ஆசிரியை அத்தகையவர் அல்லர். அதை விசாரித்து அறியாதது நம் குற்றம்.

திருவிவிலியத்தில் நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். ஓர் ஏழையிடம் ஒரே ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. அவன் தன் உணவிலிருந்து அதற்கு ஊட்டினான், தன் கிண்ணத்திலிருந்து பருகவிட்டான், மடியில் கிடத்திக்கொண்டான், அது அவனுக்கு மகளைப் போல் இருந்தது. இக்கதையைப் பலமுறை மறையுரையில் சொல்லியிருக்கிறோம், தாவீதின் பாவத்தை விளக்குவதற்காக. சோற்றுக்கே வழியில்லாதவன் ஆட்டுக்கு ஏன் ஊட்டவேண்டும் என்று கேட்பவர் அந்தக் கதையில் எவருமில்லை என்பதை இப்போதுதான் கவனித்தோம். அந்த அன்பைப் புரிந்துகொள்ளும் இதயம் அரசனுக்கு இருந்ததால்தான் நாத்தானின் கதை அவனைக் குத்தியது.

தோபித்து நூலிலும் ஒரு நாய் வருகிறது. தோபியாவும் வானதூதரும் பயணம் புறப்படும்போது கூடவே போகிறது. திரும்பும்போது கூடவே வருகிறது. வழியில் அது ஒன்றும் செய்வதாகச் சொல்லப்படவில்லை. குருமடத்தில் ஒரு பேராசிரியர், அந்த நாய் எதற்காக என்று தேர்வில் கேட்பார் என்று பயந்து நாங்கள் விடை தேடியதுண்டு. கூடப் போயிற்று, கூட வந்தது என்பதே போதாதா என்று இப்போது தோன்றுகிறது. நம் தமிழ் மண்ணிலும் இதை உணர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியையைச் சந்தித்தோம். முன்பு சொன்ன விடை தவறு என்று முதலில் சொன்னோம். அதைச் சொல்வது எளிதாக இல்லை. ஐம்பது வயதைக் கடந்த பங்குக் குருவுக்கு அந்த வாக்கியம் பழக்கமில்லாதது. அவர் பதறிப்போய், “ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க, சாமி” என்றார். பிறகு முடிவை அவரிடமே விட்டோம். ஒன்றை மட்டும் கேட்டோம்: “டீச்சரம்மா, எக்ஸ்ரே நன்றாக வந்தால், இதை யாருக்காகச் செய்கிறீர்கள்?”

அவர் நெடுநேரம் யோசித்தார். “உண்மையைச் சொன்னால், அவர் கொண்டுவந்த நாய் என்பதற்காகத்தான் முதலில் நினைத்தேன். அது போய்விட்டால் அவரும் இன்னொரு தடவை போய்விடுவார் என்று பயம். ஆனால் இப்போது அது நடக்கும்போது காலை அகற்றி வைக்கிறது, பாருங்கள். அதைத்தான் பார்க்க முடியவில்லை” என்றார். பெரிய பெரிய நூல்களில் தேடியதை அவர் திண்ணையில் உட்கார்ந்தே பிரித்துக் காட்டிவிட்டார்.

இரத்தப் பரிசோதனை பரவாயில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருந்தது. மிகச் சிறிய புள்ளிகள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்று மருத்துவர் எச்சரிக்கத் தவறவில்லை. 2024-இல் பாஸ்கா திருநாளுக்குப் பின்வந்த வாரத்தில் அறுவை நடந்தது. முதல் மூன்று நாள் மணி எதையும் தொடவில்லை. இரவெல்லாம் முனகியது. கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு சுவரில் மோதிக்கொண்டு நின்றது. அந்த மூன்று நாளும் ஆசிரியை தரையில் பாய் விரித்து அதன் பக்கத்திலேயே படுத்திருந்தார். “தப்புப் பண்ணிவிட்டேனோ, சாமி?” என்று கேட்டபோது நம்மிடம் விடை இல்லை. நான்காம் நாள் தயிர்சோறு தின்றது. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். திசுப் பரிசோதனையில் புற்று என்றே வந்தது.

அது தெரிந்ததும் பேரவை உறுப்பினர், “பார்த்தீங்களா?” என்றார். நாம் எதைப் பார்க்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வெயில் காலம் முடிவதற்குள் மணி பழையபடி கால்களைச் சேர்த்து வைத்து நடந்தது; மாலைச் செபமாலைக்கு ஆசிரியையோடு ஆலய வாசல்வரை வந்து, வேப்பமரத்தடியில் படுத்துக் காத்திருந்தது. அவ்வழியே போகையில் அந்த உறுப்பினர் அதன் தலையில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனதையும் நாம் கண்டோம்.

நோய் திரும்பி வந்து வலி பொறுக்கமுடியாமல் போனால் ஊசி போட்டு முடித்துவிடுவது பாவமா என்றும் ஆசிரியை கேட்டிருக்கிறார். மனித உயிரில் அதற்கு ஒருபோதும் இடமில்லை என்பதை வாசகர்கள் அறிவீர்கள். விலங்கின் உயிருக்கு அத்தகைய தடையைத் திருச்சபை விதிக்கவில்லை. தேவையின்றி என்ற சொல்லே அங்கு எல்லைக்கோடு. இந்த முறை அவசரப்படாமல், ஒரு நாள் எடுத்துக்கொண்டு இந்த விடையைச் சொன்னோம். ஊசி மலிவானது, அந்த மலிவே நம்மைச் சீக்கிரம் இழுத்துவிடக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

2025 சனவரி மாதம், மூவரசர் திருநாள் கழிந்த வாரத்தில், அவர் மறுபடியும் ஆலயத் தூணருகில் நின்றார். மணிக்கு இலேசான இருமல். மருத்துவர் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்கிறாராம். “எடுக்கணுமா, சாமி?”

நாம் உடனே பேசவில்லை. நுரையீரலில் வந்திருந்தால் இன்னொரு அறுவைக்குச் சம்மதிப்பீர்களா என்று கேட்டோம். மாட்டேன் என்றார். வரவில்லை என்று தெரிந்தால் வேறு ஏதாவது செய்வீர்களா? அவர் சிறிது யோசித்து, “இல்லை, சாமி. இருமலுக்கு மருந்து கொடுப்பேன். இப்போதும் அதைத்தானே கொடுக்கப்போகிறேன்” என்றார். பிறகு தாமே சிரித்துக்கொண்டார்.

“நன்றாகச் சாப்பிடுகிறதா?” என்று கேட்டோம்.

“காலையில் இரண்டு இட்லி. அதுவும் சட்னி தொட்டால்தான்” என்றார் ஆசிரியை. வேப்பமரத்தடியில் மணி எழுந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. செபமாலை முடிந்து அரை மணி ஆகிவிட்டது. அதற்கு வீட்டுக்குப் போகும் நேரம்.